எழுபத்திரண்டுக்குக் கீழே

ஜூலை 4, வெள்ளி

காலை எடை 78.4 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். சிறுநீரக மருத்துவர் கால்குலேட்டரைத் தட்டி, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உடல் நிறைக் குறியீடு 32.6.

"முப்பதுக்குக் கீழ வரணும் மேடம். உங்க உயரத்துக்கு எழுபத்திரண்டு கிலோ. ரத்த வகை பொருந்துது, திசு பொருந்துது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இது ஒண்ணுதான் பாக்கி."

என் தம்பி திருமூர்த்திக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்பது மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவி கோகிலவாணிக்குச் சர்க்கரை நோய். அவள் கொடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். மிச்சம் நான்.

வேகமாகக் குறைக்கக் கூடாதாம். பட்டினி கிடந்து குறைத்தால் அறுவைக்குப் பிறகு தேறத் தெம்பு இருக்காது என்றார். வாரத்துக்கு அரைக் கிலோ. அக்டோபர் நடுவில் மறுபடி பார்ப்பார்.

சாப்பிடுவதை எல்லாம் தேதி போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் மற்றதையும் சேர்த்து எழுதப்போகிறேன். வெறும் எண்களை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துவதால் வந்த வியாதி அது.

ஜூலை 5, சனி

உணவு ஆலோசகர் பெயர் ஃபர்ஸானா. என் மாணவிகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள்.

"உங்க வேலை எப்படி மேடம், நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"நின்றுகொண்டே. ஆனால் நகர்வதில்லை."

அவள் சிரிக்கவில்லை. எடை, உயரம், வயது மூன்றையும் சூத்திரத்தில் போட்டாள். படுத்தே கிடந்தால் என் உடம்பு எரிப்பது 1347 கலோரி. "லேசான நடமாட்டம்" என்பதற்கு 1.375 ஆல் பெருக்கினாள். 1852. அதில் ஐந்நூறு கழித்து, "தினம் ஆயிரத்து முந்நூத்தம்பது" என்றாள்.

அந்த 1.375 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். புத்தகத்திலிருந்து என்றாள். நான் நடமாட்டமே இல்லாதவள் என்று வைத்தால் 1.2. அப்போது மொத்தம் 1616. இரண்டுக்கும் நடுவே ஒரு வேளைச் சாப்பாடு இருக்கிறது. அது போக, இந்த மாதிரிச் சூத்திரங்கள் ஆளுக்கு ஆள் பத்து சதவீதமாவது பிசகும். 185 கலோரி. கழிக்கிற ஐந்நூறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழையிலேயே போய்விடும்.

"அப்ப நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க மேடம்," என்றாள்.

நியாயமான பழிவாங்கல். வீட்டுக்கு வந்து செல்போன் செயலி ஒன்றில் போட்டேன்: 1210. ஓர் இணையதளத்தில் போட்டேன்: 1520. அரை நாள் இதிலேயே போயிற்று. கடைசியில் 1400 என்று வைத்துக்கொண்டேன். முழு எண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஜூலை 7, திங்கள்

சமையலறையை என் கணவர் எடுத்துக்கொண்டார். மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்துவிட்டுப் போன வருடம் விருப்ப ஓய்வில் வந்தவர். நட்டுக்கும் வாஷருக்கும் சீட்டுப் போட்டுப் பழகிய கை.

"நீ காலேஜுக்கும் ஓடீட்டுத் தராசையும் புடிச்சுட்டு நிக்க முடியுமா? நான் நிறுத்துத் தர்றேன். நிறுக்கறது எனக்கென்ன புதுசா?"

சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வந்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு துண்டுச் சீட்டு: சோறு 120 கிராம், பாசிப்பயறு கடைசல் 90, பீன்ஸ் பொரியல் 100, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. அடியில் "த. தண்டபாணி" என்று கையெழுத்து. இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் எனக்கு அவர் எழுதிய முதல் கடிதங்கள் இவைதான்.

ஜூலை 13, ஞாயிறு

77.8. அறுநூறு கிராம் இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் தண்ணீராக இருக்கும். இருந்தாலும் அவரிடம் சொன்னேன்.

"பரவால்லையே," என்றார். எடைத் தராசில் தெரிந்த எண்ணைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். காய் வீட்டில் இருந்தது.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம். கொடுப்பவர் கையெழுத்து, துணைவர் கையெழுத்து. அவர் உள்ளே வரவில்லை. எப்போதும் போல வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். படிவத்தை அங்கேயே எடுத்துப்போனேன். காரின் பானட்டில் வைத்து, படிக்காமல் போட்டார். ஸ்டோர்ஸில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர்.

ஜூலை 20, ஞாயிறு

77.8.

ஜூலை 27, ஞாயிறு

77.9. இரண்டு வாரமாக 1400ஐ ஒரு நாளும் தாண்டவில்லை. துறைத்தலைவர் வாங்கிக் கொடுத்த மைசூர்பாகைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துவந்து வாசலில் இருந்த நாய்க்குப் போட்டேன். நாய்க்கு எடை கூடியிருக்கும்.

1300 ஆகக் குறைத்தேன்.

இன்று வெண்டைக்காய் தட்டில் ஓரமாக எண்ணெய் ஒதுங்கி நின்றது. வெண்டைக்காய் அப்படித்தான். சாயங்காலம் அரை மணி நேரம் கூடுதலாக நடந்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆகஸ்ட் 2, சனி

எடை பார்க்கும் தராசைச் சந்தேகித்து, இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். 25.1. சாக்கின் எடையைக் கழித்தால் சரி. தராசு உண்மை பேசுகிறது. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 6, புதன்

தைராய்டு பரிசோதனை. எல்லாம் இயல்பு. மாதவிலக்கு நிற்கும் வயது என்பதால் இருக்கலாம் என்று குடும்ப மருத்துவர் சொன்னார். காரணம் தெரியாதபோதெல்லாம் பெண்களுக்கு இந்தக் காரணத்தைத் தருகிறார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

தம்பியைப் பார்க்க டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். நாற்பத்து நான்கு வயது. கழுத்து எலும்பு தெரிகிறது. கையில் இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது.

"என்னக்கா, எறங்குச்சா?"

"அறுநூறு கிராம்."

"அஞ்சு வாரத்துலயா? ஏக்கா, நீ இந்தப் பக்கம் எங்கூட வந்து படு. இந்த மிஷின் நாலு மணி நேரத்துல மூணு கிலோ எடுத்துரும்."

பக்கத்துக் கட்டில் பெரியவர் சிரித்தார். உடம்பில் தேங்கிய தண்ணீரைத்தான் சொல்கிறான். ஒரு நாளைக்கு அவன் குடிக்க அனுமதி அரை லிட்டருக்குச் சற்று அதிகம். நான் பையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை.

"நீ ரெண்டு இட்லி கொறைச்சா எனக்கு ரெண்டு வருசம் கூடுமாட்ட இருக்குது. கணக்கு நல்லாத்தான் இருக்குது," என்றான். பிறகு முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் ஒரு தடவைகூட எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. கோகிலாவும் கேட்டதில்லை. அதுவே ஒரு விதமாகக் கேட்பதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

78.0. ஏறியிருக்கிறது.

1200.

ஆகஸ்ட் 13, புதன்

ஃபர்ஸானா என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இதுக்குக் கீழ போகாதீங்க மேடம். இந்தக் கணக்கு உண்மைன்னா நீங்க இந்நேரம் ரெண்டரைக் கிலோவாச்சும் எறங்கியிருக்கணும். எங்கயோ ஓட்டை இருக்கு. சமையல் யாரு?"

"என் கணவர். எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போடுகிறார்."

"எண்ணெய் ஊத்தறப்ப நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர் அவர்," என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே காத்திருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார்.

வகுப்பில் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதும் கேள்வி: தரவைச் சேகரித்தவர் யார்? இன்று பஸ்ஸில் அது நினைவு வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

77.9. அவருடைய பேண்டுகள் இரண்டை டெய்லரிடம் இடுப்பில் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருந்தால் இப்படித்தான் என்கிறார். என்னோடு சேர்ந்து அவரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சித்தப்பா பேரன் கல்யாணம். இலையில் ஒரு கரண்டிச் சோறும் ரசமும் மட்டும் வாங்கிக்கொண்டேன். பரிமாறியவர் கோபித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். பட்டுடுத்தி, நகை போட்டு, மணமகள் மாதிரியே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். சீர் முடிந்த பிறகுதான் தாலி. மூர்த்தி கல்யாணத்தில் நான் உட்கார்ந்தேன். பட்டு குத்தியதும் புகை கண்ணில் ஏறியதும்தான் எனக்கு ஞாபகம். ஊருக்கு வேறு ஞாபகம்.

பந்தியில் ராமாத்தாள் பெரியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இணைச்சீர்க்காரி இவ இருக்கறப்ப மூர்த்திக்கு என்ன வெசனம்? ஆண்டவன் ரெண்டு குடுத்திருக்கறான். ஒண்ணைப் பொறந்தவனுக்குக் குடுத்துப்போட்டு ஒண்ணை வெச்சுக்குவா. என்னுங் மாப்ள, நாஞ் சொல்றது?"

நாற்பது இலை திரும்பிப் பார்த்தது.

"ஆமாங் பெரியம்மா," என்றார் அவர், நல்ல சத்தமாக.

"தங்கமான மனசு," என்றார் பெரியம்மா. யாரோ என் கணவர் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்தார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது எங்கள் தெரு முனையைத் தாண்டி வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார். நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

77.8.

செப்டம்பர் 6, சனி

அவருடைய பெரியப்பா மகன் தாராபுரத்தில் இறந்துபோனார். என் கணவர் நேற்றே அங்கே போய்விட்டார். நாளை வருவார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அடுப்பைப் பற்ற வைத்தேன். பீன்ஸ் நூறு கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அவருடைய சீட்டில் இருந்தபடியே. பொரியல் சட்டியில் ஒட்டியது. வாயில் வைத்தால் வைக்கோல். தண்ணீர் தெளித்துக் கிளறினேன், சுமார்.

ஒரே காய், ஒரே சட்டி, ஒரே தேக்கரண்டி. விடை மட்டும் வேறு. அவருக்குக் கைப்பக்குவம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் கைப்பக்குவத்துக்குப் பளபளப்பு இருக்காது.

செப்டம்பர் 8, திங்கள்

டப்பாவில் பீன்ஸ் பொரியல் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கையெழுத்து. சாப்பிடவில்லை. மூடி, மனையியல் துறை பியூலாவிடம் கொடுத்தேன். அவளுடைய ஆய்வகத்தில் உணவிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுக்கும் கருவி இருக்கிறது.

"இது யார் செஞ்ச பொரியல்?" என்று கேட்டாள்.

"மாதிரி ஒன்று," என்றேன்.

அவரிடமே கேட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

செப்டம்பர் 12, வெள்ளி

17.2 கிராம். மூன்று தேக்கரண்டிக்கு மேல், என் பங்கில் மட்டும். அந்தப் பொரியலில் மட்டும். கடைசல், குழம்பு, ராத்திரிச் சப்பாத்தி எல்லாம் இதே போல என்றால் ஒரு நாளைக்கு நானூற்றைம்பது, ஐந்நூறு கலோரி. நான் கழித்தது முழுவதும் அதே சட்டி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இன்னொன்று எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

77.7. மதியம் அரிசிம்பருப்புச் சாதம். நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வைக்கவா என்று கேட்டார். சீட்டில் இல்லையே என்றேன். சீட்டு நான் போடறதுதானே என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டாவது மாதிரி, பூசணிக்காய்க் கூட்டு. 15.8 கிராம்.

இரண்டும் போதாது. குறைந்தது மூன்றாவது எடுத்தால்தான் சராசரிக்கு அர்த்தம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

77.8. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கோகிலா கூப்பிட்டாள். மூர்த்திக்கு மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் தண்ணீர். போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள்; படுக்க முடியாது. முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. ஒவ்வொரு மூச்சையும் தோளால் இழுத்துக்கொண்டிருந்தான். கோகிலா என் கையைப் பிடித்தாள். பிடித்ததை அவளே கவனித்தது போல விட்டுவிட்டாள்.

அவசர டயாலிசிஸுக்குப் பிறகு மதியம் பேச முடிந்தது.

"நேத்து ஊர்ப்பட்ட வெய்யில். ஒரு எளநி குடிச்சுப்போட்டேன்க்கா. ஒரே ஒண்ணு."

"சரி, பேசாதே."

"இல்லைக்கா, சொல்லோணும். நீ வெசனப்படாத. எடை எறங்கலீன்னா எறங்கலை. நான் தப்பா நெனைக்க மாட்டேன். உனக்குப் பயமா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்ட. சின்ன வயசுல இருந்தே சொல்ல மாட்ட. நான் ஆஸ்பத்திரி லிஸ்ட்ல காத்திருக்கறேன். வர்றப்ப வரட்டும்."

எடையைப் பற்றி அவனிடம் ஒரு பொய் சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் அதற்கு இடம் வைக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

மதியம் தட்டை என் முன் வைத்தார். அவரைக்காய்ப் பொரியல்.

"இதில் எண்ணெய் எவ்வளவு?"

"சீட்டுல போட்டிருக்குதே."

"பீன்ஸில் பதினேழு புள்ளி இரண்டு. பூசணிக்காயில் பதினைந்து புள்ளி எட்டு. பியூலா ஆய்வகத்தில் பார்த்துச் சொன்னாள்."

கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்த பீன்ஸ்?"

"எட்டாம் தேதி."

தலையை ஆட்டினார். பொருளும் தேதியும் சரியாக இருந்தால் மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"கொழம்புல வறுத்த நெலக்கடலையும் அரைச்சு விட்டேன். சப்பாத்தி மாவுல நெய். அதையும் எழுதிக்க."

"எப்போதிலிருந்து?"

"மொதல் வாரம் ஒழுங்காத்தான் செஞ்சேன் அம்மிணி. நீ வந்து எழுபத்தேழு புள்ளி எட்டுன்னு சொன்ன பாரு. அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்னேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருடைய அக்காவைப் பற்றிப் பேசினார். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன் என்பது மட்டும்தான் இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது.

"சாயங்காலம் வந்து காப்பி குடிக்கறேன், டிகாஷன் போட்டு வெய்யின்னு சொல்லீட்டு உள்ள போச்சு. நான் ஊட்டுக்கு வந்து போட்டு வெச்சேன். அது வரவே இல்லை. அதுலருந்து ஆஸ்பத்திரி வாசல்படி ஏறுனா எனக்குக் கால் ஆட ஆரம்பிச்சுருது. வேப்பமரத்தடியிலயே நிக்கறது அதுக்குத்தான்."

"வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட? மூர்த்தி மாப்ளைகிட்டயா? அவன் மூஞ்சியப் பாத்துட்டு? ஒறம்பரை சனம் அத்தனை பேரும் வாயப் பாத்துட்டு நிக்கறப்பவா?"

"என்னிடம்."

"உங்கிட்டச் சொன்னா நீ சரீன்னு சொல்லிருவியோன்னுதான் பயம். நீ சரீன்னு நிறுத்திப்போட்டு, அப்பறம் மாப்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நாம ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல எப்படி இருக்கறது? எடை எறங்கலீன்னா அது யார் குத்தமும் இல்லை பாரு."

எனக்குக் கோபம் வந்தது. எட்டு வாரத்துக்கு மேல் பசியோடு வகுப்பெடுத்தது, தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தது, அரிசிச் சிப்பத்தைத் தூக்கியது எல்லாம் வரிசையாக வந்தது. மூர்த்தியின் தோள் ஏறி இறங்கியது வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே கேட்டார்:

"எட்டாந்தேதி எடுத்துட்டுப் போன. ரிசல்ட் எப்ப வந்துச்சு?"

"பன்னிரண்டு."

"இன்னிக்கு இருபத்தேழு. தெரிஞ்சும் பதினஞ்சு நாள் ஏன் தின்ன?"

பசித்தது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நோட்டை முன்பக்கம் திருப்பி வாசித்தேன். எடை இறங்காத ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்கினேன் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஜூலை 27 அன்று தட்டில் எண்ணெய் ஒதுங்கியதை எழுதிவிட்டு வெண்டைக்காய் மேல் பழி போட்டிருக்கிறேன். ஒரு மாணவி இப்படி ஒரு ஆய்வேட்டைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் எண்ணெய் ஊற்றினார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். தம்பி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது நான் மூன்றாவது மாதிரிக்குக் காத்திருந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

77.8. இனி நானே சமைக்கிறேன் என்றேன்.

"நீ சமைச்சாத் திங்க முடியாது," என்றார். "எத்தனைன்னு மட்டும் சொல்லு."

இத்தனை மாதச் சண்டைக்குப் பிறகு, ஃபர்ஸானா முதலில் சொன்ன எண்ணைச் சொன்னேன். 1350. அது சரியான எண் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஏதாவது ஒரு எண்ணில் நிற்க வேண்டும்.

"போட்டுத் தர்றேன். ஆனா எனக்கு இஷ்டமில்லை. தெரிஞ்சுக்க."

"எனக்கும் பயமாக இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்."

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றார். இந்த வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

76.5. மருத்துவர் டிசம்பர் வரை தவணை கொடுத்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். ஆரம்பத்தில் சமையலில் கணக்குத் தவறிவிட்டது என்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

75.7. பொரியல் ஒட்டுகிறது. வைக்கோல்.

நவம்பர் 9, ஞாயிறு

74.6. மூர்த்தியிடம் போனில் சொன்னேன். பயமாக இருக்கிறது, ஆனாலும் குறைத்துக்கொண்டுதான் வருகிறேன் என்று நானே சொன்னேன். "இத்தனை வருசத்துல இதான்க்கா மொதல் தடவை நீ எங்கிட்டப் பயம்னு சொல்றது," என்றான். "எனக்கு ஆபரேஷனே வேண்டாமாட்ட இருக்குது, இது போதும்." மடையன்.

நவம்பர் 23, ஞாயிறு

73.4. பியூலாவுக்கு மாதிரி எதுவும் அனுப்பவில்லை. அனுப்பத் தேவையும் இல்லை; தராசே சொல்கிறது. இன்று காலை அவர் கிழங்குக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். எண்ணெயைத் தேக்கரண்டியில் எடுத்து, மேலே வழிவதை விரலால் தட்டிவிட்டுச் சட்டியில் விட்டார். என்னை ஆபரேஷன் மேசைக்கு அனுப்புவதற்கு ஒவ்வொரு கிராமாக அவர்தான் குறைத்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கல்லூரிக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். பிறகுதான் ஞாயிறு என்று தெரிந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

71.8. மூன்று தடவை ஏறி நின்று பார்த்தேன். "போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரியில் அனுமதிக் குழு முன் ஆஜரானோம். வயதான மருத்துவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூகப் பணியாளரான ஓர் அம்மாள். அந்த அம்மாள்தான் படிவத்தை நிரப்பினார். மூர்த்தி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் ஏதும் பேசப்பட்டதா என்றெல்லாம் கேட்டார்கள். இல்லை, இல்லை.

பிறகு அவரிடம் திரும்பினார்கள். "மனைவி தானம் தர்றதுல உங்களுக்கு இஷ்டம்தானே சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கால் ஆடுவது மேசைக்குக் கீழே எனக்குத் தெரிந்தது.

"இஷ்டமான்னு கேட்டா இல்லீங்க."

மூர்த்தி நிமிர்ந்தான். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"அப்படீன்னா நாங்க மேல போக முடியாதுங்களே," என்றார் மருத்துவர்.

"சம்மதமான்னு கேளுங்க. சம்மதமுங்க. மனசார. இஷ்டம்னு மட்டும் எழுதாதீங்க. அது பொய்யி."

"படிவத்துல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் சார் இருக்கு," என்றார் அந்த அம்மாள்.

"பக்கத்துல எடம் இருக்குதுல்லங்க? அங்க எழுதுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார். "உங்களுக்கும்மா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்து வந்திருந்தேன். சுத்தமான நான்கு வாக்கியங்கள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அவர் சொன்னதேதானுங்க," என்றேன். "அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்."

மூடி வைத்த பேனாவை அந்த அம்மாள் திறந்தார். ஓரத்தில் கொஞ்ச நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டு, இருவரும் போட்டோம்.

ஆபரேஷன் ஜனவரி 8, வியாழக்கிழமை என்றார்கள்.